வலது தோளுக்குப் பின்னால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. இருந்தது என்று சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொள்ள எனக்கு ஆசையில்லை. இருக்கிறது. ஊரை விட்டு, நாட்டையே விட்டு வந்து இத்தனை வருஷம் கழித்தும், யாராவது பெண்கள் கால்பந்து என்று வாயெடுத்தால் எனக்கு முதலில் வயிறு எரியும். அதற்குப் பிறகுதான் அவள் நினைவு வரும்.

அவள் என்றால் எனக்குக் கழுத்துதான். முகத்தைக்கூட கொஞ்சம் யோசித்துத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பந்து அவளிடம் வருவதற்குள் அந்தக் கழுத்து இடது பக்கம் ஒரு தரம் திரும்பும், வலது பக்கம் ஒரு தரம் திரும்பும். காக்கா பார்ப்பது மாதிரி ஒரு வெட்டு. அவ்வளவுதான். அந்த இரண்டு வெட்டில் மைதானத்தில் இருக்கிற இருபத்தியொரு பேரும் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் இப்போது ஓடக் கிளம்புவாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். பந்து வந்த பிறகு அவளுக்கு வேலையே இருக்காது. ஒரு தட்டு, அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

நான் அப்படியில்லை. பந்து வந்த பிறகுதான் எனக்கு உலகமே ஆரம்பிக்கும்.

அவள் குருசுக்குப்பத்துப் பெண். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றார். நான் ரயிலடிப் பக்கம், சொல்தா வீட்டுப் பெண். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். என் அப்பா அப்படி ஒருவர். சாயங்காலமானால் மற்ற சொல்தாக்களோடு கடற்கரைப் பக்கம் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் ஆடுவார், மற்ற நேரத்தில் என் மேட்ச் பார்ப்பார். எனக்கு என்ன குறை சொல்லுங்கள். பிரான்சிலிருந்து மாமா அனுப்பிய ஷூ இருந்தது. வெயிலுக்குத் தொப்பி, அடிபட்டால் தடவ மருந்து, உரித்துத் தர ஆரஞ்சோடு அப்பா. எங்கள் பெண்கள் அணியின் நடுக்களமும் எட்டாம் நம்பர் சட்டையும் என்னுடையவை. அவள் வரும்வரை.

சுனாமிக்கு முந்தின வருஷம் ஒரு காலையில் கோச் அவளைக் கூட்டிக்கொண்டு உப்பளம் கிரவுண்டுக்கு வந்தார். தலை ஈரம், கையில் மீன் வாசனை, காலில் யாருடையதோ பெரிய ஷூ. முன்பக்கம் பஞ்சு அடைத்திருந்தாள். எங்களில் இரண்டு பேர் மூக்கைச் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. நல்ல மனசால் அல்ல, அவளை அந்த அளவுக்குக்கூட நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கோச் இரண்டு டீமாகப் பிரித்து ஆடவிட்டார். அவள் எதிர்ப்பக்கம். பந்து அவளுக்கு வரும்போது பின்னாலிருந்து பாய்ந்து பிடுங்கலாம் என்று போனேன். பந்து இல்லை. இன்னொரு தரம் போனேன், இல்லை. மூன்றாவது தரமும் அப்படியே. நாலாவது தரம் கோபத்தில் அவள் கெண்டைக்காலில் ஒரு உதை விட்டேன். அவள் கீழே விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “பந்து அப்பவே போயிடுச்சிடி. காலுதான் இருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். கோச்சும்தான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் தகவல் சொல்வது மாதிரி சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று வாரத்தில் கோச் என்னைக் கூப்பிட்டார். உனக்கு நல்ல ஓட்டம் இருக்கிறது, வலது ஓரம் உனக்குத்தான் சரி என்றார். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பாராட்டிக்கொண்டே தள்ளுவார்கள். எட்டாம் நம்பர் சட்டை அவளிடம் போனது. எனக்கு ஏழு. ஒரே ஒரு எண்தானே என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு என்ன தெரியும்.

இந்த வித்தையை எங்கே கற்றாள் என்று எனக்கு அரிப்பு. கேட்டால் சிறுமை என்று கேட்காமலே இருந்தேன். ஒரு நாள் அம்மா வஞ்சிரம் வாங்க அனுப்பினாள். மார்க்கெட் சந்தில் எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள், தலையில் அன்னக்கூடை, அதில் மீன், அதன்மேல் ஐஸ். கழுத்து ஆடவில்லை, அசையவில்லை. அத்தனை கூட்டத்தில் யார்மேலும் இடிக்காமல் நேராக வந்தாள். என்னைப் பார்த்தாளா இல்லையா என்றே தெரியவில்லை. தன் அம்மாவின் கடை முன்னால் கூடையை இறக்கினாள். இறக்கின அடுத்த நிமிஷம் கழுத்து ஆரம்பித்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. அப்படியே என்னைப் பிடித்தாள்.

அன்று வாய்விட்டுக் கேட்டேன், எதற்குடி இப்படி கோழி மாதிரி கழுத்தை ஆட்டுகிறாய் என்று.

“தலைல கூட இருந்தா திரும்ப முடியாதுல்ல. ஏழு வயசுலருந்து தூக்குறேன். எறக்குன உடனே எல்லாத்தயும் பாத்துக்கணும்னு தோணும். அப்பறம் மறுபடி எப்ப தூக்க வெச்சிடுவாங்களோ.”

இதற்கு நான் என்ன செய்ய முடியும். ஏழு வயதில் எனக்கு அப்பா சைக்கிள் வாங்கித் தந்தார். கூடை தூக்காமல் போனதற்காக ஒருத்தி வருத்தப்படுவாள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நான் பட்டேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தலையில் ஒரு பித்தளைப் பானையை வைத்து அறைக்குள் நடந்து பார்த்தேன். பானை கட்டில் காலில் விழுந்து நசுங்கியது. அம்மா கேட்டதற்குப் பூனை என்று சொன்னேன்.

டவுன் பஸ்ஸில் ஏறினால் உட்காரும் முன் அதே இரண்டு வெட்டு. யார் அடுத்த ஸ்டாப்பில் எழுவார்கள் என்று பார்த்து அவர்கள் பக்கத்தில் போய் நிற்பாள், அவர்கள் எழுவார்கள், என்னை உட்கார வைப்பாள். என்னைத்தான். அவள் உட்காரமாட்டாள். பரோட்டாக் கடையில் சால்னா தீரப்போகிறது என்று அவளுக்குத்தான் முதலில் தெரியும், எல்லோருக்கும் ஊற்றி வாங்கிவிடுவாள். வரப்போவதைத் தெரிந்துகொண்டு அதை அடுத்தவளுக்குத் தள்ளிவிடுவது அவளுடைய பிறவிக் குணம். இப்படிப்பட்ட ஒருத்தியின்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு கெட்ட குணமாவது கண்ணில் பட வேண்டாமா, பிடித்துக்கொண்டு தொங்க?

அப்பா அவளிடம் விழுந்துவிட்டார். மேட்சுக்கு வந்தால் ஆரஞ்சில் பாதி அவளுக்கு. அவள் அவரை “சொல்தா ஐயா” என்பாள். அவர் அவளை எட்டாம் நம்பர் என்பார். அவள் பந்தைத் தட்டும்போதெல்லாம் “அலே, அலே” என்று, போ போ என்பதைப் பிரெஞ்சில், சத்தம் போடுவார். எனக்கு அந்த அலே எப்போதாவதுதான் கிடைக்கும், அதுவும் நான் ஓடும்போது. ஒரு நாள் சாப்பிடும்போது, எந்தக் கள்ளமும் இல்லாமல், “அவ பாக்குறா, நீ ஓடுற” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நான் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்றுகூட அவருக்குப் புரியவில்லை.

அடுத்த பார்சலில் பிரான்சிலிருந்து இரண்டு ஜோடி ஷூ வந்தது. ஒன்று அவளுக்கு என்று அப்பா மாமாவிடம் சொல்லி வாங்கியிருக்கிறார். கொடுத்துவிடு என்று என்னிடம் தந்தார். நான் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கொடுத்தாயா என்று கேட்கும்போதெல்லாம், அவள் வரவில்லை, அவளுக்குக் காய்ச்சல், மறந்துவிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் பஞ்சு அடைத்த ஷூவில் இரண்டு மேட்ச் ஆடினாள். அந்த இரண்டிலும் அவள்தான் நன்றாக ஆடியவள். கடைசியில் வெட்கமாகப் போய், ஒரு சாயங்காலம் அவளிடம் பெட்டியை நீட்டினேன். அவள் திறந்து பார்த்துவிட்டு, மூடியின்மேல் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தாள். விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து ஷூவைப் போட்டுப் பார்த்தாள்.

அந்த ஷூவோடு ஆடிய முதல் மேட்சில்தான் நான் கோல் போட்டேன். அவளிடமிருந்து பந்து கிளம்பும்போது நான் அங்கே இல்லை. நான் போய்ச் சேரும்போது பந்து அங்கே இருந்தது. காலை வைத்தேன், உள்ளே போனது. மறுநாள் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் என் பெயர். அவள் பெயர் இல்லை. கத்தரித்து ஃபைலில் ஒட்டினேன். எனக்கு அது போதவில்லை. அந்த கோல் யாருடையது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பெத்தாங் ஆடுகிற பத்து கிழவர்களுக்கும் தெரியும். அப்பா அவர்களிடம் அந்த பாஸை இரும்புக் குண்டு வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். அதில் நானாக இருந்த குண்டு எது என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது சீசனில்தான் எனக்கு ஒன்று கிடைத்தது. அவளிடம் ஒரு குறை. மேட்சில் அவள் வலது பக்கம் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். இடது தோளுக்குமேல் ஒரு வெட்டு, அவ்வளவுதான். வலது பக்கம் கழுத்தே போகவில்லை. ஒரு மேட்ச், இரண்டு மேட்ச் என்று நான் எண்ணினேன். யாரும் கவனிக்கவில்லை, கோச்கூட. நான் மட்டும் கவனித்தேன், ஏனென்றால் என்னைப்போல யாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மகாராணிக்கும் தலைக்கனம் வந்துவிட்டது, அலட்சியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் ஒரு தரம் வாய் தவறிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, நான் காய்ச்சலில் படுத்திருந்த அந்த ஒரு மேட்சில் அவள் இரண்டு பக்கமும்தான் பார்த்தாள் என்றார். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் மைதானத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பந்தை வாங்குகிறவளுக்கு முதுகுப் பக்கம் தெரியாது. அவளைப் பார்த்து நிற்கிறவளுக்குத் தெரியும். அதனால் பார்த்து நிற்கிறவள் கத்த வேண்டும். பின்னால் எதிரி வந்தால் “ஆளு”. யாரும் இல்லையென்றால் “திரும்பு”. இரண்டே வார்த்தை. கோச் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான், பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்தது அப்புறம். பந்தை விட்டால் மன்னிப்பார், கோலை விட்டால் மன்னிப்பார். குரலை விட்டவளை அன்றே உட்கார வைத்துவிடுவார். “கால எவளாச்சும் கடன் குடுப்பாளா? கண்ணத்தான் குடுக்க முடியும்” என்பார்.

அவளுக்கு நான் கத்தும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, என் தொண்டை எதற்கு? ஆனாலும் கத்துவேன். கத்தாவிட்டால் உட்கார வைத்துவிடுவார்களே.

சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் ஊரிலேயே ஒரு டோர்னமென்ட் வைத்தார்கள். இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் பொறுக்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் அணியிலிருந்து எடுத்தால் ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். அது யார் என்று கிரவுண்டுக்கு வெளியே ஐஸ் விற்கிறவரைக் கேட்டால்கூடச் சொல்லுவார். அந்த வருஷம் அவள் வீட்டில் படகும் போயிருந்தது, வலையும் போயிருந்தது. முகாமுக்குப் போனால் அதைக் காட்டி ஏதாவது ஒரு டிபார்ட்மென்டில் வேலை கிடைக்கும் என்று அவள் அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

இரண்டாவது பாதி. இடது ஓரத்திலிருந்து பந்து அவளுக்கு உருண்டு வருகிறது. வலது ஓரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தைப் பார்த்து நிற்கிறாள். இடது தோளுக்குமேல் ஒரு வெட்டு பார்த்தாள். வலது பக்கம் பார்க்கவில்லை. நான் வலது ஓரத்தில், அவளைப் பார்த்து நிற்கிறேன். அந்த வெளியூர் அணியின் உயரமான ஒருத்தி அவளுடைய வலது தோளுக்குப் பின்னாலிருந்து ஓடி வருகிறாள். எட்டு அடி இருக்கும். ஆறு அடி. எனக்கு நன்றாகத் தெரிகிறது. அவளுடைய சட்டை எண்கூடத் தெரிகிறது. பதினாலு.

குரல் வரவில்லை என்று எழுதினால் படிக்கிறவர்கள் பாவம் என்பார்கள். குரல் வந்தது. தொண்டை வரைக்கும் வந்ததை நான் விழுங்கினேன். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று அந்த ஒரு நொடியில் என் மனசு சொன்னது. ஒரு தரம், ஒரே ஒரு தரம், எல்லோர் கண் முன்னாலும் அவளிடமிருந்து பந்து பிடுங்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பந்துதான். சத்தியமாகப் பந்து மட்டும்தான். பந்தும் போனது, முழங்காலும் போனது. பச்சை மட்டை முறிகிற சத்தம் வலது ஓரம் வரை கேட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் போட்டார்கள். அப்பா ஐஸ் வாங்க ஓடினார், அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கோச் என் பக்கம் திரும்பினார். வலது பக்கம் நீதானே, கத்தினாயா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் கீழேயிருந்து அவள் பேசினாள். வலியில் உதடு வெளுத்திருந்தது.

“கத்துனா சார். எனக்குத்தான் கேக்கல.”

கோச் விட்டுவிட்டார். மிச்ச நேரத்துக்கு என்னை நடுவில் போட்டு ஆடவைத்தார். ஒன்றுக்கு ஒன்று என்று டிரா செய்தோம். முகாமுக்கு எங்களில் யாரையும் எடுக்கவில்லை.

அன்று ராத்திரி நான் அழுதேன். எதற்கு என்று கேட்டால் நீங்கள் என்னை வெறுப்பீர்கள். அவள் காலுக்காகக் கொஞ்சம் அழுதேன். மீதியெல்லாம் அந்தப் பொய்க்காக. கீழே கிடந்தும்கூட அவள்தான் உயர்ந்தவளாக இருக்க வேண்டுமா? நான் செய்த ஒரே ஒரு கெடுதலையும் என் கையிலிருந்து வாங்கி, பாஸ் போடுவது மாதிரி தட்டிவிட்டாளே. எனக்கென்று ஒரு பாவத்தைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் ஆனது. எட்டாம் நம்பர் எனக்குத் திரும்ப வந்தது. போட்டுக்கொண்டு ஆடினேன், மோசமில்லை என்றுகூடச் சொன்னார்கள். அப்பா மேட்சுக்கு வந்தார், ஆரஞ்சு கொண்டுவந்தார், பாதியை உரித்துவிட்டு மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். ஒரு வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். பதினேழாம் நம்பர் போதும் என்றாள். கோச் கடைசி இருபது நிமிஷம் இறக்குவார். கழுத்து அதே கழுத்துதான், கால்தான் அது சொன்ன இடத்துக்குப் போகவில்லை. அந்த சீசன் முடிந்ததும் சட்டையைத் துவைத்து மடித்துக் கோச்சிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மாலை இல்லை, கைதட்டல் இல்லை. ஒரு நடுக்கள ஆட்டக்காரியின் ஆட்டம் முடிந்தது என்று பேப்பரில் மூலையில்கூட வரவில்லை. என் பெயராவது ஒரு தரம் வந்தது.

எனக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, பாரிசுக்குப் பக்கத்தில் வேலை. நானும் போனேன். அப்பா போனில் என் சுகம் விசாரிப்பதற்கு முன்னால், எட்டாம் நம்பரை மார்க்கெட்டில் பார்த்தேன் என்பார். அவள் இப்போது காலையில் கரையில் மீன் ஏலம் எடுக்கிறாளாம். யார் கை எழப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்து எடுக்கிறாளாம், கிழட்டு வியாபாரிகளெல்லாம் திணறுகிறார்களாம். அப்படியா என்பேன். அங்கே குளிரில் நின்றுகொண்டு, ஐயாயிரம் மைல் தாண்டியும் எரிகிற வயிற்றை என்ன செய்வது.

இரண்டு வருஷம் கழித்து ஆடி மாதம், வீராம்பட்டினம் தேருக்கு ஊருக்கு வந்தேன். தேர் முடிந்து இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். யாரை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குருசுக்குப்பத்தில் வலை உலர்த்துகிற திடல் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் வலையைச் சுருட்டிய பிறகு அங்கே பெண்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பிள்ளை பெற்றவர்கள், மீன் விற்கிறவர்கள், நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே துண்டு போட்டுக்கொண்டு. நடுவில் அவள். வலது முழங்காலில் ஒரு பட்டை. ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே ஆடினாள். அவளுக்கு வலது பக்கம் ஒரு பருத்த பெண், பக்கத்து வீட்டுக்காரி, எதற்கெடுத்தாலும் “ஆளு, ஆளு” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். பந்து வரும்போது அவள் கழுத்து இடது பக்கம் மட்டும் வெட்டியது. வலது பக்கம் திரும்பவில்லை. இன்னும் அந்தக் குறை போகவில்லை என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எப்போ வந்தே, எத்தனை நாள் லீவு, சொல்தா ஐயா இப்போல்லாம் வேகமா நடக்கறதில்லியே, பாத்துக்கோ என்றாள். கவிழ்த்திருந்த படகின்மேல் உட்கார்ந்தோம். அவள் நலம் கேட்டு முடிக்கும்வரைகூட என்னால் இருக்க முடியவில்லை. நாலு வருஷமாக வாயில் வைத்திருந்ததை, தண்ணீர் குடிக்கிறாயா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குறுக்கே போட்டேன். “அன்னிக்கு நான் கத்தல.”

“தெரியும்,” என்றாள்.

தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். எனக்காகவா என்று கேட்டேன். எனக்காகத்தான் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

அவள் சிரித்தாள். “உனக்காக இன்னாடி. நீ கத்தலன்னு சொன்னா அவரு உன்ன அப்பவே உக்கார வெச்சிருப்பாரு. நானும் இல்ல, நீயும் இல்லன்னா நடுவுல ஆட யாரு இருந்தா? நாலு கோல் வாங்கியிருப்போம்.”

முழங்கால் கிழிந்து, உதடு வெளுத்துக் கிடந்தவள், அந்த நேரத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்திருக்கிறாள். நாலு வருஷமாக நான் அதை மன்னிப்பு என்று நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். அது மன்னிப்பே இல்லை, ஆட்டம். அதில் நான் காலியாக இருந்த ஓர் இடம், அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்றது. நீ ஒழுங்காக வலது பக்கம் பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே என்றேன். இரண்டாவது சீசனிலிருந்தே நீ பார்ப்பதில்லை, எனக்குத் தெரியும், நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், ஏன் பார்க்கவில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இது ஒரு கேள்வியா என்பது மாதிரி.

“ரைட்ல நீ இருந்தியே.”

திடலில் அந்தப் பருத்த பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவளை இப்போது நான் நன்றாகப் பார்த்தேன். தொப்பை, கிழிந்த நைட்டி, பந்தை நேராக உதைக்கக்கூடத் தெரியாது. அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. வாழ்க்கையில் அத்தனை எரிச்சல் பட்டிருக்கிறேன், அப்படி ஒரு எரிச்சல் பட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள் என்று அந்தப் பெண் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டாள். இவள் எழுந்து, காலை ஒரு தரம் நீட்டி மடக்கிவிட்டு, “வா, ரைட்ல ஆளு இல்ல” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுடிதாரை ஏற்றிச் செருகிக்கொண்டு போய் நின்றேன். இரண்டு வருஷம் நின்ற அதே தூரம், அதே கோணம். மண் இன்னும் சூடாக இருந்தது.

பந்து அவளை நோக்கி உருண்டது. அவளுக்குப் பின்னால், வலது பக்கமாக, ஒரு மெலிந்த பெண் ஓடி வந்தாள். நான் கத்தினேன். “ஆளு” என்று முழுத் தொண்டையில் கத்தினேன். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதற்கு முன்னாலேயே அவள் வலது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டிருந்தாள்.